மெஸ்மரின் தொட்டி முதல் காந்தச் சுருள் வரை: மூளைக்கான காந்த மருத்துவத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நோயும் நம்பிக்கையும் மனித வரலாற்றிலே இணைந்தே வந்துள்ளன. நோயுற்றவன் நம்பிக்கையை நாடுகிறான். அதனை வழங்குவதற்கு எக்காலத்திலும் எவரேனும் ஆயத்தமாக இருந்துள்ளனர். அவ்வாறு வழங்கப்பட்டவற்றுள் உண்மையான மருந்து எது, வெறும் ஆறுதல் எது, ஏமாற்று எது எனப் பிரித்தறிவதற்கான வழி எப்பொழுது, எவ்வாறு தோன்றிற்று என்பது மருத்துவ வரலாற்றில் மட்டுமன்றிச் சமூக வரலாற்றிலும் முக்கியமான ஒரு வினாவாகும். இவ்வினாவை ஆராய்வதற்குக் காந்த மருத்துவத்தின் கதையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறொன்றைக் காண்பதரிது. பதினெட்டாம் நூற்றாண்டிலே போலியெனத் தள்ளப்பட்ட ஒரு கருத்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே முற்றிலும் வேறான அடிப்படையில் ஆய்வுகூடத்தினுள் நுழைந்து, இன்று மனச்சோர்வு நோய்க்கான அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகளுள் ஒன்றாகத் திகழ்கின்றது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், மிக மென்மையான காந்தப்புலங்களைக் கொண்டு மூளையைத் தூண்டலாம் என இன்று கூறப்படுவதை நாம் எவ்வாறு மதிப்பிடல் வேண்டும் என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெஸ்மரும் அவர் காலமும்

காந்தக் கல்லுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென்னும் நம்பிக்கை மிகப் பழையது. 1600ஆம் ஆண்டிலே காந்தம் பற்றிய தமது பெருநூலை வெளியிட்ட ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பேட், உள்ளிப்பூண்டைத் தேய்த்தால் காந்தம் வலுவிழக்கும் என்பது போன்ற கதைகளைச் சோதித்து மறுத்தார். ஆயினும் கதைகள் ஒழிந்துவிடவில்லை.

பிரான்ஸ் அன்ரன் மெஸ்மர் 1734இல் கொன்ஸ்ரன்ஸ் ஏரிக்கரையிலுள்ள ஒரு சிற்றூரிலே பிறந்தவர். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, கோள்கள் மனித உடலின்மீது செலுத்தும் செல்வாக்குப் பற்றிய ஆய்வுரையை 1766இல் சமர்ப்பித்துப் பட்டம் பெற்றார். 1774இல், வலிப்பு, தலைவலி முதலிய பல துன்பங்களால் வருந்திய இளம்பெண்ணொருத்திக்கு, இரும்பு கலந்த மருந்தைக் குடிக்கக் கொடுத்து உடலிற் காந்தங்களைப் பொருத்திச் சிகிச்சையளித்தார். அவள் தேறினாள். அக்காந்தங்களைச் செய்து கொடுத்தவர் வானியற் பேராசிரியரான மக்சிமிலியன் ஹெல் என்னும் இயேசு சபைக் குரு. குணமாக்கியது காந்தமே என்றார் ஹெல். காந்தம் வெறும் கருவியே. அண்டமெங்கும் பரந்து உயிர்களினூடாக ஓடும் நுண்ணிய பாய்பொருளொன்றே குணமாக்கியது என்றார் மெஸ்மர். அப்பாய்பொருளின் ஆற்றலுக்கு அவர் இட்ட பெயரை நாம் ‘உயிர்க்காந்தம்’ எனலாம். பின்னர் அவர் காந்தத்தையே கைவிட்டார்; தமது கையசைவே போதுமென்றார். ஆகவே மெஸ்மரின் முறையிலே உண்மையான காந்தத்துக்கு இருந்த இடம் மிகச் சிறிது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

பார்வையிழந்த இசைக் கலைஞரான மரியா தெரேசியா பரடிஸ் என்பாரின் சிகிச்சை தொடர்பாக எழுந்த பூசலை அடுத்து மெஸ்மர் வியன்னாவை நீங்கி, 1778இல் பாரிஸ் நகரை அடைந்தார். அங்கு அவரது புகழ் ஓங்கிற்று. நீரும் இரும்புத் தூளும் போத்தல்களும் இடப்பட்ட பெருந்தொட்டியொன்றைச் சூழ நோயாளர் அமர்வர். தொட்டியினின்று வெளிநீளும் இரும்புக் கம்பிகளை நோயுற்ற உறுப்பிலே பொருத்திக் கொள்வர். ஒரே கயிற்றினாற் பிணைக்கப்படுவர். திரையிட்ட அறையிலே மெல்லிய இசை ஒலிக்கும். சிறிது நேரத்தில் ஒருவர் அழுவார், ஒருவர் சிரிப்பார், ஒருவர் வலிப்புற்று வீழ்வார். அவ்வலிப்பே நோய் தீர்வதற்கான அறிகுறி எனக் கொள்ளப்பட்டது.

இதனை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குதல் வரலாற்று மாணவனுக்கு ஏற்றதன்று. அக்காலத்து ஐரோப்பியர் கண்ணுக்குப் புலனாகாத பல ஆற்றல்களைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கொண்டிருந்தனர். நியூற்றனின் ஈர்ப்பு, பிராங்கிளினின் மின்சாரம், புதிதாகக் கண்டறியப்பட்ட வாயுக்கள் என்பன அவற்றுட் சில. 1783இலே பலூன்கள் மனிதரைச் சுமந்து வானில் எழுந்தன. இவற்றை நம்பியவர்கள் உயிர்க்காந்தத்தை நம்பியதில் வியப்பில்லை. மேலும், அன்றைய மருத்துவர்கள் இரத்தம் வடித்தும் பேதிக்குக் கொடுத்தும் நோயாளரை வருத்தினர். மெஸ்மரோ அவ்வாறு வருத்தவில்லை. அரசியற் பரிமாணமும் இதற்கு உண்டு. பிற்காலத்திலே புரட்சியின் தலைவர்களுள் ஒருவராகத் திகழ்ந்த பிரிசோ போன்றோர் மெஸ்மரை ஆதரித்து எழுதினர். அரசவையின் அறிவியற் கழகங்களைச் சலுகை பெற்றோரின் கோட்டைகளாக அவர்கள் கண்டனர். கழகங்களால் நிராகரிக்கப்பட்ட மெஸ்மர் அவர்களுக்கு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாகத் தோன்றினார். ஆனால் அதே மெஸ்மர் தமது இரகசியத்தைக் கற்பிப்பதற்கு ஆளொருவரிடம் நூறு பொற்காசுகளைப் பெற்றார் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

பாஸித் தோட்டத்திலே கேட்கப்பட்ட வினா

1784இலே பதினாறாம் லூயி மன்னன் இதனை விசாரிக்க ஓர் ஆணைக்குழுவை நியமித்தான். அமெரிக்காவின் தூதராகப் பிரான்சிலிருந்த பெஞ்சமின் பிராங்கிளின், இரசாயனவியலாளர் இலவோசியே, வானியலாளர் பெயி, மருத்துவர் கில்லட்டின் முதலியோர் அதில் இடம்பெற்றனர். மெஸ்மர் ஒத்துழைக்க மறுத்தார்; அவரது மாணவரும் அரச குடும்பத்தவர் ஒருவரின் மருத்துவருமான தெஸ்லோன் முன்வந்தார்.

ஆணைக்குழுவினர் நோயாளர் எத்தனைபேர் குணமடைந்தனர் என எண்ணப் புகவில்லை. நோய் தானாகவும் தீரக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் கேட்ட வினா வேறு: தனக்கு என்ன செய்யப்படுகின்றது என்பதை நோயாளி அறியாதபோதும் அப்பயன் விளைகின்றதா?

பிராங்கிளின் அப்பொழுது எழுபத்தெட்டு வயதினர்; நோயுற்றிருந்தார். ஆகவே சில சோதனைகள் பாரிசையடுத்த பாஸியிலிருந்த அவரது இல்லத்திலேயே நடைபெற்றன. தோட்டத்திலிருந்த ஆப்பிரிக்கொட் மரமொன்றைத் தெஸ்லோன் காந்தப்படுத்தினார். உயிர்க்காந்தத்தை நன்குணர்வான் என அவரே தெரிந்தெடுத்து வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவன், கண் கட்டப்பட்ட நிலையில், காந்தப்படுத்தப்படாத நான்கு மரங்களிடம் ஒன்றன்பின் ஒன்றாக அழைத்துச் செல்லப்பட்டான். முதல் மரத்தடியிலேயே அவனுக்கு வியர்த்தது, தலை வலித்தது. செல்லச் செல்ல மயக்கம் மிகுந்தது. நான்காவது மரத்தடியிலே அவன் நினைவிழந்து வீழ்ந்தான். காந்தப்படுத்திய மரமோ அங்கிருந்து இருபத்துநான்கு அடி தூரத்தில் நின்றது! இலவோசியேயின் இல்லத்தில் நடந்த மற்றொரு சோதனையிலே, பெண்ணொருத்தி சாதாரண நீர்க் கிண்ணத்தைப் பெற்றபோது வலிப்புற்றாள். காந்தப்படுத்திய கிண்ணத்து நீரை அமைதியாகக் குடித்து முடித்தாள்.

முடிவு தெளிவாயிற்று. கற்பனை இருந்தால் காந்தம் இன்றியே வலிப்பு வருகின்றது. கற்பனை இல்லையேல் காந்தத்தினால் எதுவும் நிகழ்வதில்லை. உயிர்க்காந்தம் என ஒன்றில்லை என 1784 ஓகஸ்ட் 11ஆந் தேதிய அறிக்கை கூறிற்று. மனிதரைக் கொண்டு நிகழ்த்தப்படும் ‘அறியாச் சோதனை’ முறையின் தொடக்கங்களுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதனைக் கொள்கின்றனர். அவ்வறிக்கையை ஆக்கியோர் பலரின் முடிவு துயரமானது. பெயி 1793இலும் இலவோசியே 1794இலும், தம்மோடு ஆணைக்குழுவில் அமர்ந்திருந்த கில்லட்டினின் பெயரைப் பெற்ற கொலைப் பொறிக்கே இரையாகினர்.

எனினும் இவ்வறிக்கையிலே ஒரு குறைபாடு உண்டு. பாய்பொருள் உண்டா என்ற வினாவுக்கு ஆணைக்குழு விடை கண்டது. ஆனால் அச்சிறுவன் உண்மையாகவே மயங்கி வீழ்ந்தான் என்பதை அது ஆழ்ந்து நோக்கவில்லை. கற்பனைக்கு ஓர் உடலை வீழ்த்தும் ஆற்றல் உண்டெனில் அதனை எழுப்பும் ஆற்றலும் இருத்தல் கூடுமன்றோ? கற்பனையால் நோய் தீருமாயின் அக்கற்பனை மருத்துவத்தையே ஏன் கைக்கொள்ளலாகாது எனத் தெஸ்லோன் முன்னரே கேட்டிருந்தார். அரச மருத்துவச் சங்கத்தின் தனியான குழுவில் அங்கம் வகித்த தாவரவியலாளர் ஜூசியே, எல்லாவற்றையும் கற்பனையால் விளக்க இயலாதெனத் தனியறிக்கை எழுதினார்.

இக்கேள்வியை அடுத்த தலைமுறையினர் தொடர்ந்தனர். உலோகக் கோல்களால் உடலைத் தடவி நோவைப் போக்கலாமென அமெரிக்கராகிய எலிஷா பேர்க்கின்ஸ் 1796இல் காப்புரிமை பெற்றார். ஆங்கிலேய மருத்துவர் ஜோன் ஹேகார்த் 1799இலே உலோகம்போல் நிறந்தீட்டிய மரக்கோல்களை ஐந்து நோயாளரிடம் பயன்படுத்தினார். நால்வர் நோவு தணிந்ததென்றனர். கோவாவிலே பிறந்த பாதிரியாரான அபே பாரியா 1813இல் பாரிசிலே விரிவுரை நிகழ்த்தி, ஆற்றல் காந்தப்படுத்துபவனிடமன்று, அதற்கு உட்படுபவனின் உள்ளத்திலேயே உளது என விளக்கினார். 1843இல் ஜேம்ஸ் பிறெயிட் ‘ஹிப்னொற்றிசம்’ என்னும் துறையை நிறுவியபோது, மெஸ்மரின் மரபு காந்தத்தைத் துறந்து உளவியலோடு இணைந்துவிட்டது.

மாறும் புலமும் அசையும் விரலும்

காந்தத்தின் கதை வேறு வழியிலே தொடர்ந்தது. 1831இல் மைக்கல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். நிலையாகவுள்ள காந்தம் அருகிலிருக்கும் கம்பியில் மின்னோட்டத்தைத் தோற்றுவிப்பதில்லை. காந்தப்புலம் மாறும்போதே மின்னோட்டம் தோன்றுகின்றது. நரம்புகள் மின்னுக்கு இணங்குவன என்பது கல்வானியின் காலத்திலிருந்தே அறியப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், மூளையைத் தூண்ட வேண்டியது காந்தமன்று, விரைவாக மாறும் காந்தப்புலம் விளைக்கும் மின்னே என்பது பெறப்படும். மெஸ்மர் உடலிற் பொருத்திய அசையாக் காந்தங்கள் அவ்வாறான மின்னை விளைத்திருக்க இயலாது.

1896இல் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால், ஆடலோட்டம் பாயும் பெருஞ் சுருளினுள் தலையை வைத்தவர்கள் ஒளிப்பொறிகளைக் கண்டதாகவும் தலைச்சுற்றலுற்றதாகவும் அறிவித்தார். இலண்டனில் சில்வானஸ் தொம்சன் 1910இல் இதனை மீண்டும் நிகழ்த்திக் காட்டினார். அவ்வொளி பெரும்பாலும் மூளையிலன்று, கண்ணின் விழித்திரையிலேயே தோன்றியது எனப் பின்னர் உணரப்பட்டது. மூளையையே தூண்டுவதற்குப் போதிய வலுவுள்ள கருவி உருவாக மேலும் முக்கால் நூற்றாண்டு சென்றது.

1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே அன்ரனி பார்க்கரும் அவரது குழுவினரும் அதனைச் சாதித்தனர். கொள்ளளவியிலே தேக்கிய மின்னை ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரத்துக்குள் சுருளொன்றினூடாகப் பாய்ச்சினர். ஆயிரக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் கணப்பொழுது பாய, ஒன்றரை முதல் இரண்டு ரெஸ்லா வரையிலான புலம் தோன்றி மறையும். சுருளை உச்சந்தலையின் ஒரு பக்கத்தே வைத்தபோது எதிர்ப்பக்கத்துக் கைவிரல்கள் துடித்தன. மண்டையோடு திறக்கப்படவில்லை. 1980 அளவில் தோலினூடாக மின்னையே பாய்ச்சி இதனைச் செய்திருந்தனராயினும் அது வேதனை தருவதாயிருந்தது. இம்முறையில் அவ்வேதனை இல்லை.

இவ்விரலசைவின் முக்கியத்துவத்தை நாம் நன்கு உணர்தல் வேண்டும். அது நோயாளியின் நம்பிக்கையைக் கேட்பதில்லை. நம்பினும் நம்பாவிடினும் விரல் அசையும். அத்தசையின் மின்னதிர்வைக் கருவி பதிவு செய்யும். பாஸித் தோட்டத்திலே கேட்கப்பட்ட வினாவுக்கு, இருநூறு ஆண்டுகளின் பின் காந்தப்புலம் ‘ஆம்’ என முதன்முதலாக விடையிறுத்தது எனலாம்.

ஆயினும் விரலை அசைத்தல் வேறு, துயருற்ற மனத்தைத் தேற்றுதல் வேறு. மனச்சோர்வு நோயாளரின் மூளையில் நெற்றிப்புறத்தின் இடப்பகுதி போதிய செயற்பாடின்றி இருப்பதாகக் காட்டிய படங்களை ஆதாரமாகக் கொண்டு, 1995இல் அமெரிக்காவிலே ஆறு நோயாளரின் அப்பகுதி நாள்தோறும் தூண்டப்பட்டது. 1996இல் பதினேழு நோயாளரைக் கொண்ட ஆய்வு ‘லான்செற்’ ஏட்டிலே வெளியாயிற்று. 2008இல் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், மருந்தினாற் பயனுறாத மனச்சோர்வு நோயாளருக்கு இச்சிகிச்சையை அனுமதித்தது.

இங்கேயும் பழைய வினா தொடர்ந்து வந்தது. சுருள் ‘டிக்’ என ஒலிக்கும். தலைத்தோலின் தசை துடிக்கும். ஆகவே போலிச் சுருளை வைத்தால் நோயாளி கண்டுகொள்வார். அதே ஒலியையும் அதே துடிப்பையும் போலியாகத் தரும் சுருள்களை ஆய்வாளர் உருவாக்கினர். ஹேகார்த்தின் மரக்கோல்களுக்கு இவை வழித்தோன்றல்களே. 190 நோயாளரைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்விலே, உண்மைச் சிகிச்சை பெற்றோருள் 14.1 சதவீதத்தினரும் போலிச் சிகிச்சை பெற்றோருள் 5.1 சதவீதத்தினரும் முழுமையாகத் தேறினர். வேறுபாடு உண்மையானது, ஆனால் பெரிதன்று. 2018இல், முன்னாள் அமெரிக்கப் படைவீரர் 164 பேரைக் கொண்ட ஆய்வு வேறொரு படிப்பினையைத் தந்தது. உண்மைச் சிகிச்சை பெற்றோருள் 41 சதவீதத்தினர் தேறினர். போலிச் சிகிச்சை பெற்றோருள்ளும் 37 சதவீதத்தினர் தேறினர். நாள்தோறும் வந்து, ஒருவரின் கவனிப்பைப் பெற்று, தம்மைப் பற்றி எவரோ அக்கறை கொள்கின்றனர் என உணர்வதே ஒரு மருந்தாகின்றது போலும். தெஸ்லோனின் கேள்வி இன்றும் உயிரோடிருக்கின்றது.

மென்புலங்கள்

இவ்வளவும் வலிய புலங்களைப் பற்றியன. புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்குரோரெஸ்லா வரையானது. பார்க்கரின் சுருள் அதிலும் முப்பதினாயிரம் மடங்கு வலியது. இதனிலும் மிக மென்மையான புலங்கள் நரம்புக்கலங்களைச் செயற்படச் செய்யா. ஆனால் அவற்றின் செயற்பாட்டு ஒழுங்கைச் சிறிது மாற்றக்கூடும் என்பது ஒரு கருதுகோள்.

இக்கருதுகோள் தற்செயலாகவே வலுப்பெற்றது. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையிலே, மகிழ்ச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோயுடையோரின் மூளையைக் காந்த ஒத்ததிர்வுக் கருவியால் ஆராய்ந்தபோது, பரிசோதனை முடிந்து வெளிவந்த சிலர் மனம் தெளிந்திருப்பதாகக் கூறினர். 2004இல் வெளியான அறிக்கையின்படி, குறித்த வகைப் புலத்துக்கு உட்பட்ட 30 நோயாளருள் 23 பேர் மனநிலை மேம்பட்டதென்றனர். போலிப் பரிசோதனைக்கு உட்பட்ட 10 பேருள் மூவரே அவ்வாறு கூறினர். அப்புலம் மூளையில் விளைத்த மின்புலம், வழமையான சிகிச்சைச் சுருள் விளைப்பதிலும் நூறு மடங்குக்கு மேல் மெலிந்தது. 2010இல் டென்மார்க்கிலே 50 நோயாளரிடம், மென்மையான துடிப்புப் புலங்கள் போலியினும் மேலான பயனளித்தன. ஆனால் மக்லீன் முறையை மருந்துகளுக்குப் பயனளிக்காத மனச்சோர்விலே சோதித்து 2018இல் வெளியான ஆய்வு, போலியினும் மேலான பயனைக் காணவில்லை.

இதனினும் மென்மையான புலங்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி நம்மை நேராகப் பாஸித் தோட்டத்துக்கே அழைத்துச் செல்கின்றது. கனடாவின் லோறன்சியன் பல்கலைக்கழகத்திலே மைக்கல் பேர்சிங்கர், ஏறத்தாழ ஒரு மைக்குரோரெஸ்லாப் புலத்தைத் தரும் தலைக்கவசத்தை அணிவித்து, அருகில் எவரோ இருப்பது போன்ற உணர்வையும் சமய அனுபவத்தையும் தோற்றுவிக்கலாமென்றார். 2005இல் சுவீடனைச் சேர்ந்த கிரான்குவிஸ்ற்றும் குழுவினரும், சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் அறியாத வகையில் இதனை மீண்டும் செய்தனர். புலம் இருந்ததா இல்லையா என்பது எவ்வித வேறுபாட்டையும் விளைக்கவில்லை; எளிதில் வயப்படும் மனவியல்புடையோரே அவ்வனுபவங்களை மிகுதியாகக் கண்டனர். பேர்சிங்கர் தரப்பினர், கருவி சரிவர இயக்கப்படவில்லை என மறுத்தனர். தோட்டத்து மரங்கள் யாவும் இயல்பாகவே காந்தம் பெற்றிருக்கலாம் எனத் தெஸ்லோன் கூறிய சமாதானம் இங்கு நினைவுக்கு வருகின்றது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடியவை யாவை? முதலாவதாக, ஒரு கருத்து போலியான வடிவிலே தோன்றிற்று என்பதனால் அதனோடு தொடர்புடைய யாவும் போலியாகிவிடா. மெஸ்மர் தவறினார், பரடேயின் வழிவந்தவர்கள் அதே மூளையை அதே காந்தத்தின் பெயரால் அணுகி வெற்றி கண்டனர். ஆனால் அவ்வெற்றி மெஸ்மரை மெய்ப்பித்ததாகக் கொள்ளுதல் பெருந்தவறு. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. வலிய சுருளின் வெற்றியைக் காட்டி, மென்புலக் கருவிகளையும் காந்தக் காப்புகளையும் விற்போர் செய்வது இத்தவறேயாகும்.

இரண்டாவதாக, மென்புலச் சிகிச்சையை இன்று ஏற்கவோ தள்ளவோ போதிய சான்றில்லை. சில ஆய்வுகள் நம்பிக்கையளிக்கின்றன, சில அளிக்கவில்லை. இத்தகைய நிலையிலே ஆய்வைத் தொடர்வது அறிஞரின் கடமை. ஆய்வு முடியுமுன் விலை பேசுவது வாணிபம். மனச்சோர்வினால் வருந்துவோர் பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை. மருந்துகள் கைவிட்ட பின் எஞ்சிய பணத்தையும் எஞ்சிய நம்பிக்கையையும் கொண்டே அவர்கள் அடுத்த கதவைத் தட்டுகின்றனர். அங்கே ஏமாற்றப்படின் அவர்கள் இழப்பது பணத்தை மட்டுமன்று. மறுமுறை ஒரு கதவைத் தட்டுவதற்கான மனவலிமையையும் இழந்துவிடுகின்றனர்.

மூன்றாவதாக, சோதனையில் தோல்வியுற்ற சிகிச்சையால் ஆறுதல் பெற்றோரை எள்ளி நகையாடுதல் அறிவுடைமையாகாது. பாஸித் தோட்டத்துச் சிறுவனின் மயக்கம் பொய்யன்று. மரம் பற்றிய விளக்கமே பொய். 1784ஆம் ஆண்டின் ஆணைக்குழு விளக்கத்தைத் தள்ளியபோது மயக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. போலிச் சிகிச்சை பெற்றுத் தேறிய படைவீரர்கள் அவ்விடத்துக்கே நம்மை மீட்டு வந்துள்ளனர். கண் கட்டிச் சோதிக்கும் கடுமையும், துயருற்றவனின் அனுபவத்தை மதிக்கும் கனிவும் ஒருசேர அமையும்பொழுதே மருத்துவம் முழுமை பெறும். அவற்றுள் முதலாவதை நாம் பிராங்கிளினின் தோட்டத்திலே கற்றோம். இரண்டாவதை இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றோம்.